ஒரு டொன்

மோக்போ சந்தையில்
இறைச்சிக்கு ஒரு குன் என்றால் அறுநூறு கிராம்.
நாலு எட்டு தள்ளிப் போனால்
கீரைக்கு அதே குன் நானூறுதான்.
யாரும் சண்டைக்குப் போவதில்லை.
பன்றிக்கு ஒரு நியாயம், பசலைக்கு ஒரு நியாயம்.

ஒக்பூன் இரண்டு கடையிலும் கூலிக்கு நின்றவள்.
கத்தி மாறும்போதே கணக்கும் மாறும் அவளுக்கு:
மூன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று.

இன்று பாங்கின் நகைக்கடையில் நிற்கிறாள்.
மகனின் முதல் பிறந்தநாளுக்கு வந்த மோதிரம்.
ஒரு டொன்.

அப்படி எழுதக்கூடாதாம், சட்டம்.
பலகையில் டொன்னை அழித்துவிட்டு
3.75 கிராம் என்று எழுதியிருக்கிறார் பாங்.
பெயர் போய்விட்டது.
அளவு, முக்காடு போட்டுக்கொண்டு
அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

தராசு 3.71 என்றது.
"குறைகிறதே."

குறையாமல்?
விரித்துச் சுண்டுவிரலில் ஏற்றி
ஏழு குளிர்காலம்
கல்லுப்பில் முட்டைக்கோஸ் புரட்டியிருக்கிறாள்.
இந்தத் தெருவில் சோறு தின்ற
எவர் வயிற்றிலோ போயிருக்கும்
ஒரு குந்துமணிக்கும் காணாத பொன்.

"எந்தக் குன்னில் கழிப்பீங்க?" என்றாள்,
"கறிக் குன்னிலா, கீரைக் குன்னிலா?"

பாங் சிரித்தார்.
சிரித்துக்கொண்டே 3.71 என்று எழுதினார்.
எதற்கு விற்கிறாய் என்று கேட்கவில்லை.

பணத்துக்கும் அந்த ஊரில்
டொன் என்றுதான் பேர்.
எச்சில் தொட்டு
இரண்டு தரம் எண்ணினாள்.