பெனிஷ் இரைக்கடை

தண்ணீர் என்ன நிறம் என்றுதான்
முதலில் கேட்டாள் கிராசியேட்.
கலங்கல் என்றேன்.
அப்படியானால் நாற்றம் வேண்டும்,
மத்தி எடு.
முள்ளில் நிற்காது அது,
ரப்பர் நூலால் சுற்று,
காயத்துக்குக் கட்டுப் போடுகிறமாதிரி.

இரண்டாம் எண் முள்ளா, ஒன்றா?
முனையை நகத்தில் உரசிப் பார்த்தேன்.
ஈயம் நூறு கிராம்.
எதற்கும் இருக்கட்டும் என்று
நெளிகிற புழு ஒரு பெட்டி,
பதினொரு யூரோ.

பாறையிலிருந்து வீசினேன்.
வெறும் முள் திரும்பி வந்தது
அவிழ்ந்த நூலோடு.
மறுபடி.
மறுபடி.

வெளிச்சம் போகும் நேரத்தில்
ஒரேயொரு ரொபாலு.
வயிற்றைக் கீறினால்
மூன்று பச்சை நண்டு,
ஒன்றுக்கு இன்னும் கால் அசைகிறது.

காலையிலிருந்து என் பூட்ஸின்மேல்
ஏறிக்கொண்டிருந்தன அதே நண்டுகள்.
நான்தான்
உதறிக்கொண்டே இருந்தேன்.