பத்து மதிப்பெண் கேள்வி

செவ்வாய்ப்பேட்டை ஐஸ் ஃபேக்டரி. இரவு ஷிஃப்ட்.
அமோனியா நெடியில் கண் எரிய,
உப்புநீர்த் தொட்டியின் மரமூடிமேல் உட்கார்ந்து
தபால்வழி எம்.ஏ.வுக்குப் படிக்கிறேன்:
ஒல்லாந்துப் பிரபு வில்லெம் அரசனான வரலாறு.

ஏழு வயதில் அப்பன் போனான், ஈட்டி விளையாட்டில்.
இருபது வயதில்
பேரரசனோடு பகைத்த பாதிரிமார்
வேறு ஆள் அகப்படாமல்
இவனை ராஜா என்றார்கள்.
முடிசூடும் ஊரோ கதவைச் சாத்திக்கொண்டது.
ஓடைகளை மறித்து, தெருவில் வெள்ளம் ஏற்றி,
அரை வருஷம் கழித்து உள்ளே போனான்.

கல்யாண ராத்திரி
படுக்கையறையில் தீ.
பெண்ணும் மாப்பிள்ளையும் தப்பித்தார்கள்.
கிரீடம் வெந்துபோனது.
அடிக்கோடு போட்டேன்,
தேர்வுக்கு வராது என்று தெரிந்தும்.

ரெண்டேகால். கிரேன் இறங்குகிறது.
தகர அச்சுகளை வெந்நீரில் முக்கி
மாதையன் சாய்க்க,
நூற்று முப்பது கிலோ கட்டிகள்
வழுக்கிக்கொண்டு வருகின்றன,
நடுவில் பால்நரம்போடு.

"ஏரியே இப்படிக் கட்டுமா?"
"கட்டும். மேலே குதிரை போகும்."
"நம்ம ஏற்காட்டு ஏரி?"
"அதுல பனி மேலயே நின்னுரும்."

அடுத்து ரோமாபுரி, பேரரசன் பட்டம்.
அதற்குள் ஒரு சின்ன வேலை:
அடங்காத சதுப்புநிலக் குடியானவர்கள்.
தை மாதக் கடுங்குளிரில்
படையை விட்டு முன்னே போனவன்
வழி தப்பினான்.
பனித்தரை உடைந்தது.
கஞ்சமலை இரும்போ ஜெர்மன் இரும்போ,
கவசம் கீழேதான் இழுக்கும்.
பணம் தருகிறேன் என்றானாம்.
யாரென்று தெரியாமல் குத்தினார்கள்.
தெரிந்ததும் நடுங்கிப்போய்
ஒரு வீட்டு அடுப்படியில் புதைத்தார்கள்.
ஒன்றரை வயது மகன் வளர்ந்து
படையோடு வந்து எலும்பைத் தோண்ட
இருபத்தாறு வருஷம்.

மாதையன் கொக்கியைக் கீழே வைத்தான்.
"அத்தன வருசமும் அந்த அடுப்புல சமைச்சாங்களா?"
புத்தகத்தில் இல்லை என்றேன்.
"சமைச்சுத்தான் இருப்பாங்க.
அடுப்ப மூட்டாம விட்டா
ஊரு ஏன்னு கேக்குமே."

நாலு மணிக்கு மீன் வண்டி வந்து ஹாரன் அடித்தது.
ஒரு கட்டிமேல் ஏறி நின்று
அடுத்ததில் கடப்பாரையைப் போட்டான்.
உள்ளே விரிசல் ஓடும் சத்தம்.

சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டேன்,
சிமெண்டுத் தரையில் நின்றிருந்த நான்.