பதினாலாவது கேள்வி

மேலூர் வண்டியில் ஏறும்போது பையில்
நூற்றிருபது படிவம்.
திட்ட மதிப்பீட்டில் என் சம்பளம்
கடைசிக்கு முந்தின வரி,
அதற்குக் கீழே தேநீர்ச் செலவு.

அணுக்கழிவைப் பாறைக்குள் வைக்கலாமா
என்பது அவர்கள் ஆய்வு.
ஊர் ஒப்புமா என்பது என் பங்கு.
ஒப்பும்படி கேள் என்று
யாரும் சொல்லவில்லை;
படிவம் சொன்னது.

கேள்வி பதினாலு:
கதிரியக்கம் பற்றி அறிவீர்களா?
ஆம். இல்லை. தெரியாது.

ஆட்டுக்குக் குழை ஒடித்தபடி அடைக்கியம்மா:
"கல்குவாரிக்காரனும் நோட்டோடதான் வந்தான்.
இது எத்தன வருசம் இருக்கும்?"
இருபத்திநாலாயிரம்,
அப்போதும் பாதிதான் குறையும் என்றேன்.
சிரிக்கவில்லை.
தொரட்டியால் மலையைக் காட்டினார்.
"அந்தப் பொடவுல எழுத்து வெட்டியிருக்கு.
ரெண்டாயிரம் வருசமாம். தமிழாம்.
எங்கள்ல ஒருத்தருக்கும் வாசிக்க வராது.
கிட்ட வராதேன்னு
நீங்க எதுல எழுதுவீங்க?"

படிவத்தில் அதற்கு இடமில்லை.
பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.
அடுத்த வீட்டில்
பின்பக்கத்தையே முதலில் நீட்டினேன்.

நாகமலைக்கு இந்தப்புறம், ஆய்வகக் கூட்டம்.
மேசைமேல் பின்பக்கங்கள்.
கவசச் சுவரின் தடிமனை
மில்லிமீட்டரில் சொல்லக்கூடிய பூர்ணலிங்கம்
நெடுநேரம் புரட்டினார்.
யாரோ ஏசியைக் குறைத்தார்கள்.
பிறகு என் பேனாவை வாங்கி
வெற்றுப் படிவம் ஒன்றில் தன் பெயர் எழுதி
பதினாலுக்கு நேரே
மூன்றாம் கட்டத்தில் டிக் அடித்தார்.

மதிப்பீட்டில் ஒரு திருத்தம்:
வியாழக்கிழமை,
மேலூர் பேருந்து,
டிக்கெட் இரண்டு.