தண்ணீர் லோரி வரும் வரை

பந்திங்கில் மூன்று நாளாகக் குழாய் இருமுகிறது.
லங்காட் ஆற்றில் யாரோ எதையோ
கொட்டிவிட்டார்களாம்,
சுத்திகரிப்பு ஆலையை மூடிவிட்டார்களாம்.
செம்பனைக்குப் பின்னால்
கரிமண் எரிகிறது,
தீ தெரியாமல்,
வெறும் புகையாக,
வீட்டுக்குள் புழுங்குகிற சிலரைப் போல.

நானும் என் ஓரகத்தியும்
ஆளுக்கு நான்கு வாளியோடு
தாமான் முனையில் நிற்கிறோம்.
பெயர் ஸினயீதா. வீட்டில் ஸீனா.
வரிசையில் ஒருத்தி கேட்கிறாள்:
"பேரு சீனா, ஆளு வெள்ளைக்காரியா?"
இவள் தமிழிலேயே சொல்கிறாள்:
"வெயில்ல நின்னு வெளுத்துட்டேன்கா."

கொழுந்தன் இளஞ்செழியன் மருத்துவம் படிக்கப் போய்
பட்டத்தோடு கூட்டிவந்தவள்.
பதினோரு வருஷம் ஆயிற்று.
அடுப்படி மூலையில்
பூவேலைத் துண்டு போர்த்திய ஒரு படம்.
வலத் தோளிலிருந்து இடத் தோளுக்குப் போகும் சிலுவை.
(எதிர்வீட்டு அந்தோணியம்மாள்
திருத்திப் பார்த்துச் சலித்துவிட்டாள்.)
பாட்டிலில் ஊறும் ரொட்டித் தண்ணீர், குவாஸ்:
அவள் ஊரில் புளிக்க மூன்று நாளாம்,
இங்கே மத்தியானத்துக்குள்
மூடி பறந்து கூரையில் கறை.
வெள்ளரியும் அவித்த முட்டையும் அரிந்து போட்டு
அதைக் குளிரக் குளிரக் குடிப்பாள்.
நான் முகம் சுளித்தேன்.
கோயிலில் ஆடிக் கூழ் கொடுத்தபோது
அவள் சுளிக்கவில்லை.
"என் குவாஸுக்குத் தங்கச்சி" என்று
இன்னொரு டம்ளர் கேட்டாள்.

இன்று ஆடிப் பதினெட்டு.
மாரியம்மன் கலசத்துக்குப் பூசாரி
மினரல் வாட்டர் வாங்கி ஊற்றியிருக்கிறார்.
இன்றுதான் அவளுக்கு இலியா நாளும்.
நெருப்புத் தேரில் ஏறிப் போனவர்;
மழையைப் பூட்டிச் சாவியை
மூன்றரை வருஷம் இடுப்பில் செருகியிருந்தவர்.
இடி என்பது அவர் தேர்ச் சக்கரம்.
கோடை போதும் என்று
இன்றைக்கு ஏரியில் ஒரு பனிக்கட்டி எறிவாராம்.
அதற்கப்புறம் அங்கே
ஒருவரும் நீரில் இறங்குவதில்லை.

"எங்களுக்கு இன்னிக்குத்தான் தண்ணிக்கு விசேஷம்" என்றேன்.
"எங்களுக்கு இன்னியிலேர்ந்து விலக்கு" என்றாள்.
இருவரும் வாளிகளை எட்டிப் பார்த்தோம்.
உள்ளே ஒரு சிலந்தி,
இரண்டு மதத்துக்கும் பொதுவாக.

சிரித்து முடிப்பதற்குள் காற்று திரும்பியது.
புகை நேராக முகத்தில்.
"இதே வாசனை" என்றாள்.

ரியாசானில் ஒரு கோடை.
கரிமண் எரிந்து
சூரியன் செப்புக்காசாய்ப் போன கோடை.
ஐந்தாம் மாடியில் அவளும் அப்பாவும்.
ஜன்னல்களில் ஈர விரிப்பு,
காயக் காய நனைத்திருக்கிறாள்.
ஒரு மத்தியானம்
நனைக்காமல் தூங்கிப்போனாள்.

கோயிலில் மெழுகுவத்திகள்
ஏற்றுவதற்கு முன்பே வளைந்து
தலை தொங்கி நின்றனவாம்.
இதைச் சொல்லும்போது அவள்
வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினாள்,
மறுபடி பிரித்து வைத்தாள்.

புகைமூட்டம் வரும்போதெல்லாம்
இவள் ஜன்னலில் ஈரத் துணி தொங்கும்.
"தண்ணி பில்லு யார் கட்டுறதாம்" என்று
நான் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்,
ஒரு தடவை அவள் காதுபட.

லோரி ஐந்தரைக்கு வந்தது.
வீட்டுக்கு இரண்டு வாளிதான்,
மீதி வாளிகள் எங்களோடு
சும்மா நடந்துவந்தன.

அவள் மகன் கபிலன் கடையில்
இரண்டு வெள்ளிக்கு ஐஸ் வாங்கிவந்து
பையோடு வாளிக்குள் போட்டான்.
"இலியா போட்டாச்சு, இனிமே நான் குளிக்க மாட்டேன்."
அவனுக்கு அது போதும்.
அவள் படத்தைப் பார்த்துச் சிலுவையிட்டுவிட்டு
அவன் காதைத் திருகினாள்.

ஒரு வாளி சோற்றுக்கு.
இன்னொன்றில் என் கல்யாணப் போர்வையை முக்கினேன்.
அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள்,
முதலில் தமிழில்,
பிறகு அவள் பாஷையில்.
பிழியாமல் ஜன்னலில் மாட்டினோம்,
ஆளுக்கொரு முனை பிடித்து.
தரையெல்லாம் சொட்டியது.

காலையில் கையுறை ஆலையில்
எனக்கு ஆறு மணி ஷிப்ட்.
கைப்பேசியில் மூன்றுக்கு அலாரம் வைத்தேன்.
போர்வை அதற்குள் காய்ந்திருக்கும்.