குறிப்பு என்னும் கடைசிக் கட்டம்

கருங்கல் பக்கம் ஓர் அண்டி ஆபீஸ்.
எனக்குத் தந்தது ஒரு நீள நோட்டு, ஒரு டார்ச்,
மூக்கில் இறுக்கிக்கொள்ள ஒரு முகமூடி,
பதினைந்து நாள்.

கட்டங்கள் முன்னமே போட்டிருந்தன:
கட்டிடம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எத்தனை. எந்த வருஷம்.
நிலை. பார்த்தவர் ஒப்பம். குறிப்பு.

எனக்கு முன்னால் எழுதியவர் எட்வின் சாமிதாஸ்.
அச்சில் வார்த்த கையெழுத்து.
வறுக்கும் கொட்டகை: மாற்றமில்லை.
அண்டி தல்லும் ஹால்: மாற்றமில்லை.
ஒன்பது வருஷம் மாற்றமில்லை,
ஒரே நீல மை, ஒரே அழுத்தம்,
ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்த ஒன்பது வருஷம்.
நடுவில் ஒக்கி வந்து போயிருந்தது.

நான் ஏணி கேட்டேன்.
மேனேஜர் டீ தந்தார்.
மறுநாளும் ஏணி கேட்டேன்.

ஆணித் துளைகளைச் சுற்றி வெள்ளை நார்
பூனைக்குட்டி மயிர்போல் எழும்பி நின்றது.
தொடக்கூடாது, தெரியும்.
தொடத் தோன்றுகிறது என்பதற்குக் கட்டம் இல்லை.
இடவப்பாதி வந்து வந்து நக்கிய கூரை.
கீழே முந்நூறு பெண்கள்,
அண்டிப்பால் பட்டுக் கறுத்த விரல்கள்.
ஒருத்தியும் நிமிரவில்லை.
கூலி கிலோவுக்கு.

எண்ணி முடித்தேன்: எழுநூற்றுப் பன்னிரண்டு.
வாங்கிய பில்லில் எழுநூற்று அறுபது.
"ஒடஞ்ச எடத்துல தகரம் போட்டாச்சுல்லா" என்றார் மேனேஜர்.
உடைந்தது எங்கே போயிற்று?
அவர் வெளியே மழையைப் பார்த்தார்.

பஸ்ஸுக்கு நடக்கும் வழியில்
நாற்பத்தெட்டும் ஒவ்வொன்றாய் எதிர்ப்பட்டன.
புஷ்பபாய் வீட்டு ஆட்டுக்கூட்டின் மேல் இரண்டு.
கிணற்றை மூடி ஒன்று, பறக்காமலிருக்க ஒரு கல்.
கப்பத்தோட்டத்து வேலியில் வரிசையாய் ஆறு.
ரப்பர் மூட்டில் சாய்த்த ஒன்றில்
பையன்கள் கரியால் மூன்று கோடு போட்டிருந்தார்கள்.
பந்து படும்போதெல்லாம் ஸ்டம்பிலிருந்து
கொஞ்சம் புகை.
"அவுட்டு!" என்று கத்தி எல்லோரும்
அதை நோக்கியே ஓடினார்கள்.

ஒக்கிக்கு மறுநாள் ஹாலைச் சுத்தம் செய்தது யார்?
இந்தக் கேள்வி என் வேலையில் இல்லை.
கேட்டேன்.
"நாங்கதான் தூத்து வாரினோம். ஈக்கிலு தொறப்பதான்.
பருப்புல விழுந்தத வாயால ஊதிக் களஞ்சோம்.
எரநூறு ரூவா கூட உண்டும் அன்னைக்கு."

லில்லிபாய். ஏசுவடியாள்.
முளகுமூட்டு ரெஜினாள்.
சுந்தரபாய் மகள் ஷீபா,
அப்போது வயது பதினாறு, மஸ்டர் ரோலில் பத்தொன்பது.

குறிப்புக் கட்டம் இரண்டு விரல் அகலம்.
எழுத்தைக் கடுகாக்கி எழுதினேன்:
தேதி, எத்தனை மணி நேரம், முகத்தில் என்ன கட்டியிருந்தார்கள்
(ஒன்றும் இல்லை).
"இது கட்டிடத்துக்க நோட்டு, ஆளுவளுக்க இல்ல" என்றார் மேனேஜர்.
சரிதான்.
இருபது, முப்பது வருஷம் கழித்து
ஒருத்திக்குப் படி ஏற மூச்சு வாங்கும்.
எங்கே வேலை பார்த்தீர்கள் என்று ஒரு டாக்டர் கேட்பார்.
அப்போது இந்தக் கொட்டகை இருக்காது.
நோட்டு இருக்கலாம், கறையான் விட்டால்.

ஐந்தாவதாக ஒருத்தியும் இருந்தாளாம்,
குலசேகரம் பக்கத்துக்காரி, பச்சைச் சேலை,
இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள்.
பெயர் யாருக்கும் வரவில்லை.

ஒப்பமிட்டேன். ஏணியைத் திருப்பிக் கொடுத்தேன்.
நாலு பெயருக்குக் கீழே
ஒரு வரி விட்டிருக்கிறது.