இரண்டேகால் ஆள்

வாக்குப்பதிவுக்கு முந்தைய இருபது நாளும்
ஷுவைக்கில் எங்கள் பிளெக்ஸ் கடை தூங்காது.
மெஷினுக்குள் வெள்ளைச் சுருள் போகும்,
மறுபக்கம் ஒரு முகம் வந்துகொண்டே இருக்கும்.
முதலில் தலைக்கயிறு, பிறகு நெற்றி.
தாடி முடிய அரைமணி நேரம்.

எனக்கு அரபி எழுத்து தெரியாது, நம்பர் தெரியும்.
பதினோரு வருஷமாக அது போதுமாக இருக்கிறது,
பஸ்ஸுக்கும் சம்பளத்துக்கும்
பத்தாக்கா முடிகிற தேதிக்கும்.
அவர்கள் ஐந்து நம் பூஜ்யம் போல வட்டம்.
அவர்கள் பூஜ்யம் வெறும் புள்ளி.
வந்த புதிதில் இதில் நான் ஏமாந்த காசு
தனிக் கணக்கு.

மிஷ்ரிஃப் வேட்பாளருக்கு
மூன்று மீட்டர் உயரத்தில் நாற்பது பேனர்.
என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.
டிசைனர் ஸப்ரி, மன்சூராக்காரன்,
திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"வெளியாட்களில் நூற்றுக்குப் பதினைந்து பேரை
அனுப்பிவிடுவாராம்."
உன்னையுமா?
"எழுத்துப்பிழை வந்தால் இன்றைக்கே."

செவ்வாய் இரவு எதிராளி தன் கூடாரத்தில்
இருபது என்று சொல்லிவிட்டார்.
மந்தூப் ஓடி வந்தான். இருபதுக்கு ஸ்டிக்கர் அடித்தோம்.
பசை காயுமுன் மறுபடி வந்தான்: இருபத்தைந்து.
இந்த முறை வேலை சுலபம்,
புள்ளியை வட்டமாக்கினால் போதும்.
மோதாலிபின் சோற்றுத் தட்டைக் கவிழ்த்து
நாற்பது வட்டம் வெட்டினோம்.
ஒரு வட்டத்துக்குக் கால் தினார் ஓவர்டைம்.

கடைசி வட்டத்தை ஒட்ட நான் ஏணியில் நிற்கும்போது
அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.
ஆஸ்பத்திரி வரிசை, ஆறாவது ரிங் ரோடு நெரிசல்,
பட்டம் வாங்கியும் வீட்டில் இருக்கும் மகன்.
பொய் இல்லை. அந்த நெரிசலில்
நானும்தான் தினம் நிற்கிறேன்.
நம்பர் வந்ததும் கூடாரமே கைதட்டியது.
தேநீர்க் குவளைகள் சத்தம் போடாமலிருக்க
நேபாளத்துப் பையன் தட்டோடு அப்படியே நின்றான்.

இறங்கும்போது அவர் என்னைப் பார்த்துக்
"கவனம், கவனம்" என்றார்.
யாரோ ஒருவரை ஏணியைப் பிடிக்கச் சொன்னார்.
போகும்போது ஒரு தட்டு மச்பூஸும் கொடுத்தனுப்பினார்,
பெரிய இறைச்சித் துண்டாக.

ஜலீபில் எங்கள் அறையில் ஒன்பது பேர்.
மச்பூஸைப் பிரிக்கும்போதுதான் அந்தக் கணக்கு வந்தது.
அடைக்கலம் போனில் தட்டிப் பார்த்து
"இரண்டேகால் ஆள்" என்றான்.
ரெண்டு பேர் சரி, அந்தக் கால் ஆள் யாருடா?
உதுமான்கனி அண்ணன் கட்டிலில் இருந்து
சர்க்கரைக்கு மூன்று விரல் கொடுத்த பாதத்தைத் தூக்கிக் காட்டினார்.
"நான் ஏற்கெனவே தவணையில போயிட்டிருக்கேன்,
என்னை எழுதிக்க."
சிரித்தோம். சோறு விக்கும் அளவுக்குச் சிரித்தோம்.
பிறகு யாரும் அந்த இரண்டு பேரைப் பற்றிப்
பேசவில்லை.

அவர் தோற்றார். ஜெயித்தவர் முப்பது சொன்னவர்.
புழுக்கத்தில் ஸ்டிக்கர்கள் ஓரம் சுருண்டு
வட்டத்துக்குக் கீழே புள்ளி எட்டிப் பார்த்தது.
மந்தூப் பாதிப் பணம் தந்தான்.

பங்குனியில் மைத்துனன் சத்தியசீலனின் வாய்ஸ் மெசேஜ்,
திருப்பூரிலிருந்து.
"மாமா, எம்.பி. எலக்‌ஷன் வருது.
எங்க பார்த்தாலும் வடக்கனுங்கதான்,
பஸ்ல நிக்க எடமில்ல.
நம்ம மண்ணு நம்ம வேலைன்னு பெருசா
ஒரு டிசைன் போட்டுக் குடுங்க,
நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட்டாச்சே."

மூன்று முறை கேட்டேன்.
அவன் குரலுக்குப் பின்னால் தையல் மெஷின்கள்
ஓடிக்கொண்டிருந்தன. யார் தைக்கிறார்கள்
என்று நான் கேட்கவில்லை.

ஓய்வுநாள் மதியம் ஸப்ரியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன்.
மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து,
நிழல் கொடுத்தால் தூரத்திலிருந்தும் தெரியும்.
வலது மூலையில்
சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டத்தைக்
காலியாக விட்டேன்.

"அது எதுக்கு மாமா?"

இருக்கட்டும்.
நம்பர் கேப்பாங்க.