ஒரு இஞ்சி

பாரிசிலிருந்து படம் வந்தது வட்ஸ்அப்பில்:
நீளமான ஒரு பார், அடியில் மங்கிய பித்தளைக் குழாய்,
ஓரத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன குடை.
"இதே மாதிரி, அண்ணை. துணுக்காய் வீட்டுக்கு.
ஆவணிக்கு வாறன்."

மல்லாவிப் பட்டறையில் கண்ணாடியில் படிந்த தூளைத் துடைத்துப்
பெரிதாக்கிப் பார்த்தேன்.
கோயில் கதவு செய்திருக்கிறேன், பள்ளிக்கூட வாங்கு,
பிரதேச சபைக்கு ஒரு தலைவர் கதிரை.
குடிக்கிறதுக்கென்று ஒரு தளபாடம்
இதுவரை யாரும் கேட்டதில்லை.
எங்கட தவறணையில் நிற்கிறவனுக்கு
முழங்கை வைக்க மதில் காணும்.

உயரம் கேட்டேன்.
வீடியோவில் வந்து நிமிர்ந்து நின்றார் குகதாசன்.
ஒரு வெள்ளைக்காரப் பெடியன் நாடாவை இழுத்துப் பிடித்தான்,
நிலத்திலிருந்து முழங்கைக்கு.
நாற்பத்து மூன்று இஞ்சியும் இரண்டு நூலும்.
எழுதிக்கொண்டேன், சுவரில், பென்சிலால்.

மேற்பலகைக்கு முதிரை.
ஒட்டுசுட்டான் ஆலையில் மரத்தை வாளுக்கு விடமுதல்
இரும்பு தேடும் கோலால் தடவுவார்கள்.
இரண்டு இடத்தில் கத்தியது.
"ஒண்டு ஆணி" என்றார் ஆலைக்காரர்.
மற்றதை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.
அந்த நீளத்தை வெட்டி
எனக்கே சும்மா தந்துவிட்டார்.

சாவி வைத்திருக்கும் தவமலர்
வாசலிலேயே மறித்தாள்:
"சாமியறைக்கு நேரேயோ வைக்கப்போறீங்கள்?"
சாமிக்கு முகம் காட்டவும் கூடாது,
முதுகு காட்டவும் கூடாது.
ஒரு பின்னேரம் முழுக்கத் தள்ளிப் பார்த்துப்
பக்கவாட்டில் நிறுத்தினோம்.

குடுமி துளைக்குள் இறங்கும்போது
ஒரு சின்ன மூச்சுச் சத்தம் வரும்.
அது வந்தால் பசை தேவையில்லை, ஆனாலும் பூசினேன்.
கச்சான் அடிக்கிற மாதம்; வார்னிஷ் காயமுதல் தூசி குந்திவிடும்.
விடியப்புறம் நாலு மணிக்கு, காற்று எழும்பமுதல்,
மூன்று பூச்சு, மூன்று நாள்.

எல்லாம் முடிந்த இரவு அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தேன்.
காலில் சப்பாத்து.
கறுப்பு றப்பர், தடித்த அடி,
ஈர நிலத்தில் வழுக்காமல் நிற்கிறவர்கள் போடுகிறது.
ஒரு இஞ்சி.
இங்கே வீட்டுக்குள் யார் சப்பாத்தோடு நடப்பது?

லாச்சி, தட்டு, கீழ்ப்பலகை, எல்லாம் பூட்டியாயிற்று.
காலை வெட்ட வழியில்லை.
ஒதுக்கின முதிரையை எடுத்தேன்.
இரும்பு கிடந்த இடத்தைச் சுற்றி
மை ஊறின மாதிரி நீலக் கறுப்பு.
சீவினேன், போகவில்லை. விட்டுவிட்டேன்.
சட்டம் சட்டமாக அடித்து நிற்கிற பலகை ஒன்று,
ஒரு இஞ்சி உயரம்.
பாருக்கு முன்னால், குடிக்கிறவர் நிற்கும் இடத்தில் போட்டேன்.

வந்தார். படியில் சப்பாத்தைக் கழற்றினார்.
பலகையைப் பார்க்கவேயில்லை.
நேரே சுற்றிக்கொண்டு உள்பக்கம் போய்
கீழ்த்தட்டில் துணியைத் தேடினார் கை விட்டு.
"இருவத்திரண்டு வருசம் இந்தப் பக்கம்தான், அண்ணை.
கிளாஸ் கழுவினது."
வங்கி யன்னலில் எட்டிப் பார்க்கிற பெடியன்போல
தோள் இரண்டும் மேலே ஏறி நின்றன.

நான் ஒன்றும் பேசாமல்
பலகையைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தேன்.
"காலைத் தூக்குங்கோ."
இலாடம் அடிக்க நிற்கிற மாடு மாதிரி
ஒவ்வொன்றாகத் தூக்கினார்.
முழங்கை மரத்தில் வந்து இருந்தது.

என்ன வேணும் என்று
முதலில் பிரெஞ்சில் கேட்டார், பிறகு தமிழில்.
எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
"நான் விட்டு ஏழு வருசம்."
"எனக்கும் டொக்டர் மறிச்சுப்போட்டார்."
பிரிட்ஜில் இஞ்சிச் சோடா இருந்தது.
கிளாசை இரண்டுதரம் துடைத்து
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துத்தான் ஊற்றினார்.

கணக்குத் துண்டில் பலகையை நான் எழுதவில்லை.
அதைக் கவனித்துவிட்டார்.
"அதையும் போடுங்கோ. இன்னொண்டும் செய்யுங்கோ,
அந்தப் பக்கத்துக்கு."
"ஆருக்கு?"
"எனக்குத்தான்."
காய்ந்த கிளாசைத் திரும்பவும் துடைத்துக்கொண்டு சொன்னார்,
"எப்பவாவது."